கண் சுகம், கை சுகம்

முத்தையாபுரம்
18 ஆகஸ்ட் 2024

என் தம்பி வேல்ராஜுக்கு அக்கா செல்லக்கனி எழுதுவது. நானும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை நீதான் எழுத வேண்டும். போனில் எதைக் கேட்டாலும் "சரிக்கா, சரிக்கா" என்கிறாய். போன வாரம் "பொண்ணு பாக்கட்டுமாலே?" என்றேன். அதற்கும் "சரிக்கா". ஆறு வருஷமாகப் பிடி கொடுக்காதவன் நீ! எனக்குத் தலையே சுற்றிவிட்டது. "முக்கியமானத லெட்டர்ல எழுதுக்கா" என்று நீ சொன்னதால் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற பால்துரை அண்ணாச்சி பட்டறையில் பேட்டரி ஆட்டோவுக்குச் சார்ஜர் செய்கிறோம் அல்லவா? அதற்குள் வைக்கிற சர்க்யூட் போர்டை வரைந்து கொடுத்த என்ஜினியர் வேலை மாறிக் கோயம்புத்தூர் போய்விட்டார். அவர் போன கையோடு சார்ஜர் விசிலடிக்க ஆரம்பித்தது. பகலில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஊரெல்லாம் லைட்டும் மோட்டாரும் போட்டு வோல்டேஜ் இறங்கியதும் மெல்லிசாகக் கீச்சென்று ஒரு சத்தம். ஒரு ஆட்டோக்காரர் வீட்டில் கைப்பிள்ளை உறங்க மாட்டேன் என்கிறதாம். சத்தத்தோடு சூடும் ஏறிச் சிலது புகைந்தும் போயிற்று. இதுவரை பதினொன்று திரும்பி வந்துவிட்டது.

நேற்று அண்ணாச்சி எங்கள் ஐந்து பெண்களையும் நிற்க வைத்துச் சொன்னார்: "மார்ச் மாசம் முடிய பாப்பேன். அதுக்குள்ள இந்தச் சத்தம் நிக்கலன்னா வெளிய ரெடி போர்டு வாங்கிருவேன். பொறவு இந்த மேஜ எதுக்கு?" மேஜை என்றால் நாங்கள்தான். என் பக்கத்து இடத்து முத்துமாரி அங்கேயே அழுதுவிட்டாள்.

என்ஜினியர் விட்டுப்போன தாளில் 'கரண்ட் மோட் கண்ட்ரோல்' என்று எழுதியிருக்கிறது. அதைப் படிக்கப் போகிறேன். சிரிக்காதே. பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு ஓம் விதி தெரியும் என்றால் அது உன்னால்தான். நீ டிப்ளமோ படித்தபோது வாய்விட்டுப் படித்தால்தான் உனக்கு மண்டையில் ஏறும். நான் பக்கத்தில் உட்கார்ந்து மோட்டார் காயில் சுற்றிக்கொண்டே அத்தனையையும் கேட்டேன். பாதிப் படிப்பு எனக்கு ஓசியில் கிடைத்தது. அந்த நன்றி இன்றைக்கும் மனசில் இருக்கிறது. மீதிப் பாதியையும் கொடு.

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.
அக்கா செல்லக்கனி


ஷார்ஜா
9 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு வேல்ராஜ் வணக்கம். செந்தூர் முருகன் புண்ணியத்தில் கண் சுகம், கை சுகம், கால் சுகம், வயிறும் சுகம். அத்தானையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

பெண் பார்க்கிற பேச்சை நிறுத்தி வை. அன்றைக்கு லைன் சரியில்லை. ஜெனரேட்டர் அறை வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். ரூமில் ஆறு பேர், ஒரே கூச்சல். கடிதம் என்றால் படம் போட்டும் காட்டலாம்.

நீ கேட்டது இதுதான். சாதாரணச் சார்ஜர் வெளியே வருகிற வோல்டேஜை மட்டும் பார்த்து ஸ்விட்சைப் போட்டு அணைக்கும். கரண்ட் மோடில் இரண்டு காவல். வெளிக்காவல் வோல்டேஜைப் பார்த்து, 'இந்த அளவு கரண்ட் போதும்' என்று ஒரு கோடு கிழிக்கும். உள்காவல் காயிலில் ஏறுகிற கரண்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கோட்டைத் தொட்டதும் ஸ்விட்சை அணைத்துவிடும். சிப்புக்குள் இருக்கிற கடிகாரம் அடுத்த மணி அடித்ததும் மறுபடி போடும். நொடிக்கு இருபதாயிரம் தடவை இப்படி நடக்கும்.

இதற்குமேல் எனக்கும் தெரியாது அக்கா. ஜெனரேட்டருக்கு எண்ணெய் பார்க்கிறவனுக்கு இது எதற்கு என்று இதைப் பற்றிய புத்தகத்தை வாங்கி வைத்ததோடு சரி. இப்போது இரண்டு பேருமாகப் படிப்போம். முதல் மூன்று பாடத்தை நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஒரே போர்டை நீ அங்கே ஒன்று செய், நான் இங்கே ஒன்று செய்கிறேன். இருபத்து நாலு வோல்ட் உள்ளே, பதினாறு வெளியே. படம் பின்பக்கம்.

நான் படித்ததைக் கேட்டாய் என்று நன்றி சொல்கிறாய். கேட்க நீ இருந்தாய் என்பதால்தான் நான் படித்தேன்.
தம்பி வேல்ராஜ்


முத்தையாபுரம்
8 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு, இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது எழுந்து ஆடுகிறாள். உனக்கு அந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்கிறதா?

போர்டு செய்துவிட்டேன்! டவுனில் இரண்டு கடை ஏறி இறங்கிச் சாமான் வாங்கினேன். காயில் என் கையால் சுற்றியது. மீட்டரில் பதினாறு வோல்ட் நின்றபோது, நானா செய்தேன் என்று இருந்தது. நீ போட்ட படத்துக்கு ஒரு கும்பிடு.

ஆனால் இதுவும் விசிலடிக்கிறது, வேல்ராஜ். அதே கீச்சு. நேற்று குலசை தசராவுக்கு மாலை போட்டவர்கள் காளி வேஷத்தில் மேளத்தோடு தெருவில் வந்தார்கள். அந்த மேளத்துக்கு நடுவிலும் கேட்கிறது என்றால் பார். போனில் பதிந்து உனக்கு வாய்ஸ் அனுப்பியிருக்கிறேன். உன் போர்டு எப்படி இருக்கிறது?
அக்கா செல்லக்கனி


ஷார்ஜா
30 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு, கண் சுகம், கை சுகம், கால் சுகம், வயிறு சுகம். சின்னவளுக்கு என் முத்தம். நாளைக்குத் தீபாவளி. உன் கைச் சுசியத்தை நினைத்துக்கொண்டு இங்கே கடை லட்டு தின்போம்.

நீ அனுப்பிய வாய்ஸைக் கேட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. என் போர்டையும் செய்து முடித்துவிட்டேன். மேஜையில் காதை வைத்துப் பார்த்தேன், ஒரு சத்தமும் கிடையாது. மீட்டரில் பதினாறு, அசையவில்லை. ஒரே படம், ஒரே சாமான். வித்தியாசம் காயில் ஒன்றுதான். உன்னுடையதில் சுற்று தளர்ந்திருக்கும். பிரித்து இறுக்கமாகச் சுற்றிப் பார்.

நீ இதைச் செய்து முடித்துவிடுவாய். நான் அரியரோடு வீட்டுக்கு வந்த அன்றைக்கு, "அடுத்த வாட்டி எழுது, இப்ப சாப்பிடு" என்று சொன்னவள் நீ. அந்த ஒரு வார்த்தையில்தான் டிப்ளமோவை முடித்தேன்.
தம்பி வேல்ராஜ்


முத்தையாபுரம்
25 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு, மழை பிடித்துக்கொண்டது. பட்டறை வாசலில் முழங்கால் தண்ணீர். மற்றபடி சுகம்.

காயிலை ஏழு தடவை பிரித்துச் சுற்றிவிட்டேன். வார்னிஷில் முக்கிக் காயவைத்தேன். விசில் நின்றபாடில்லை. இருபது வருஷமாகக் காயில் சுற்றுகிறேன், எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. அதிலேயே குறை என்றால் எனக்கு என்னதான் தெரியும்? நேற்று மேஜையில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

கரண்ட் அலையைத் திரையில் கோடாகக் காட்டுகிற ஸ்கோப் ஒன்று, அண்ணாச்சி எப்போதோ ஏலத்தில் எடுத்தது, துணி போட்டு மூடிக் கிடக்கிறது. அதில் பார்க்கலாம் என்று துணியை எடுத்தேன். எந்தக் குமிழைத் திருகினாலும் பச்சைக் கோடு கிறுக்கலாகத்தான் ஓடுகிறது. மூடி வைத்துவிட்டேன். சார்ஜர் திரும்பி வந்தது இருபத்து மூன்று ஆகிவிட்டது.

உன் போர்டில் சத்தமில்லை என்று நினைத்துக்கொண்டால்தான் தைரியமாக இருக்கிறது. ஒன்று சரியாக வந்திருக்கிறது அல்லவா?
அக்கா செல்லக்கனி


ஷார்ஜா
16 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு, கண் சுகம், கை சுகம், கால் சுகம், வயிறு சுகம். தண்ணீர் வடிந்ததா? வயரிங்கில் ஈரம் இருக்கும், பார்த்துத் தொடு.

நீ அழாதே. எங்கள் ஸ்டோரில் வேலை பார்க்கிற அஃப்ஸல் காயல்பட்டினத்துக்காரர், லீவில் ஊருக்கு வருகிறார். அவர் கையில் என் போர்டையே கொடுத்துவிடுகிறேன். புத்தகத்தில் மீதிப் பாடங்களின் நகலும், பேரீச்சம்பழமும் உண்டு. என் போர்டை உன் போர்டுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சாமானாக ஒப்பிட்டுப் பார். எதில் வித்தியாசம் என்று தெரிந்துவிடும்.

இங்கே இன்ஸ்ட்ருமென்ட் அறையில் ஸ்கோப் இருக்கிறது. டிப்ளமோவில் ஆசையாகப் பழகியது. போய்க் கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் வேகமாகப் பேசுகிறவர்கள்.
தம்பி வேல்ராஜ்


முத்தையாபுரம்
12 ஜனவரி 2025

என் தம்பிக்கு, நாங்கள் சுகம். பொங்கலுக்குப் பனங்கிழங்கு வந்து இறங்கிவிட்டது. உன் பங்கை நான் தின்கிறேன்.

அஃப்ஸல் பட்டறைக்கே வந்து எல்லாவற்றையும் பத்திரமாகக் கொடுத்தார். போர்டை மேஜையில் வைத்து இருபத்து நாலு வோல்ட் கொடுத்தேன். கொடுத்த மாத்திரத்தில் முத்துமாரி காதைப் பொத்திக்கொண்டாள். "ஏளா, காது கூசுது, அமத்து!"

உன் போர்டும் விசிலடிக்கிறது, வேல்ராஜ். என்னுடையது எப்படிக் கத்துகிறதோ அப்படியே. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டோம். ஐந்து பேரும் கேட்டோம். அஃப்ஸலும் கேட்டார். "ஒங்க தம்பிய பின்னாலேந்து கூப்ட்டா திரும்ப மாட்டாரு அக்கா. தோளத் தொட்டாத்தான் திரும்புவாரு" என்றார். சொல்லிவிட்டோமே என்று டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை, அவரைக் கோபிக்காதே.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து வாசித்தேன். கண் சுகம், கை சுகம், கால் சுகம், வயிறு சுகம். எல்லாக் கடிதத்திலும் அந்த நாலுதான். காது சுகம் என்று ஒரு இடத்திலும் நீ எழுதவில்லை. அந்த ஒன்றில் மட்டும் அக்காவிடம் பொய் சொல்ல உனக்குக் கை வரவில்லை.

நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. இனி வாய்ஸும் அனுப்ப மாட்டேன், எழுத்துதான். ஒரே ஒரு வேலை செய். அங்கேயும் ஒரு போர்டு செய்து, அந்தக் கூச்சத்தை விட்டுவிட்டு ஸ்கோப்பில் மாட்டிப் பார். கண்தான் சுகமாயிற்றே.

உன் பேச்சை நம்பி ஏழு தடவை சுற்றியதில் என் காயில் இப்போது கல் மாதிரி இருக்கிறது. அதற்கும் உனக்கு நன்றிதான்.
அக்கா செல்லக்கனி


முத்தையாபுரம்
20 பிப்ரவரி 2025

தம்பிக்கு, சுகமாக இருக்கிறாயா? ஐந்து வாரம் ஆகிறது, ஒரு வரி இல்லை. அப்படி எழுதியிருக்க வேண்டாமோ என்று அத்தானிடம் கேட்டேன். "அவன் படிச்சுட்டு யோசிச்சிட்டு இருப்பான், விடு" என்றார்.

நீ அனுப்பிய ஐந்தாம் பாடத்தில் நம் விசில் இருக்கிறது. ஸ்விட்ச் பாதி நேரத்துக்குமேல் போட்டே இருந்தால் இந்த வியாதி வருமாம். ஒரு சொடுக்கு கொஞ்சம் நீண்டுவிட்டால் அடுத்தது குறுகும், அதற்கு அடுத்தது முன்னைவிட நீளும். நேற்றுக் குழம்பில் உப்புக் கூடிற்று என்று இன்றைக்கு ஒரேயடியாகக் குறைத்து, நாளைக்கு அதற்கும் சேர்த்து அள்ளிப் போடுகிற கதைதான். நொடிக்கு இருபதாயிரம் சொடுக்கு யார் காதுக்கும் எட்டாது. ஒன்று விட்டு ஒன்று நீண்டால் பத்தாயிரம். அது எட்டும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது ஸ்விட்ச் அதிக நேரம் போட்டிருக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் அப்போது கத்துகிறது.

ஆக, காயிலில் குறையே இல்லை. உன்னிடத்திலும் இல்லை, என்னிடத்திலும் இல்லை.

மருந்தும் எழுதியிருக்கிறது. போர்டில் இருக்கிற சிப்பின் நாலாம் காலில் சரிவாக ஏறி இறங்குகிற அலையில் கொஞ்சம் எடுத்து, கரண்டைப் பார்க்கிற மூன்றாம் காலில் கலக்க வேண்டும். எவ்வளவு கலப்பது என்ற கணக்குதான் எனக்கு எட்டவில்லை. குறைந்தால் விசில் நிற்காது, கூடினால் உள்காவலுக்கே வேலை இல்லாமல் போய்விடுமாம். மார்ச் முடிய நாற்பது நாள்கூட இல்லை.

கணக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. நீ எழுது.
அக்கா


ஷார்ஜா
4 மார்ச் 2025

அக்கா, காது சுகமில்லை. இந்த வரியை எழுத ஏழு வாரம் ஆயிற்று.

ஒன்பது வருஷமாக ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்கிறேன். காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். வியர்க்கிறது என்று கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டதுதான் அதிகம். முதலில் போன் மணி கேட்காமல் போயிற்று. அப்புறம் போனில் பேச்சு புரியாமல் போயிற்று. நீ பேசுவது உள்ளே வரும், வார்த்தையாக வராது. சரிக்கா என்று சொல்லி வைத்துவிடுவேன். வருஷா வருஷம் காதுப் பரிசோதனை உண்டு. சத்தம் விட நர்ஸ் பொத்தானை அமுக்குவது கண்ணாடியில் தெரியும். அவர் அமுக்கும்போது நானும் கையைத் தூக்கிவிடுவேன். கேட்காத எலக்ட்ரீஷியனை யார் வைத்துக்கொள்வார்கள்?

நீ அனுப்பிய வாய்ஸைக் கேட்டேன் என்று எழுதியது பொய். போர்டில் சத்தமில்லை என்றது பொய்யில்லை, எனக்கு நிஜமாகவே ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் தினமும் கையைக் காட்டி அணைக்கச் சொல்வார். விளக்கைச் சொல்கிறார் என்று விளக்கை அணைத்துவிட்டு, அந்த மனுஷர் காதுக்குள் போர்டைக் கத்தவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் பேச்சை நம்பி நீ ஏழு தடவை பிரித்துச் சுற்றினாய், அழுதாய்.

உன் கடிதம் வந்த பிறகு இன்ஸ்ட்ருமென்ட் அறைக்குப் போனேன். எழுதிக் காட்டிக் கேட்டேன். உடனே நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள், இத்தனை நாள் வீணாகக் கூச்சப்பட்டிருக்கிறேன். புதுப் போர்டை மாட்டினேன். திரையில் ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம், ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். நீங்கள் கேட்ட விசிலை நான் பார்த்தேன் அக்கா. பிறகு கலந்து கலந்து பார்த்தேன். ஒரு அளவில் எல்லாம் ஒரே அகலமாக வந்து நின்றது. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காயிலில் கரண்ட் இறங்குகிற சரிவில் பாதிக்குக் குறையாமல் கலக்க வேண்டும், அதற்குமேல் கொஞ்சம் கூடவே இருக்கட்டும். அண்ணாச்சி சார்ஜருக்கு உரிய கணக்கைத் தனித் தாளில் போட்டிருக்கிறேன். எந்த ரெசிஸ்டர் என்று வட்டம் போட்டிருக்கிறேன். இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

கேட்காமல் விட்டாயே, அதற்கு எப்படி நன்றி சொல்வேன்? நீ கேட்டிருந்தால் நான் மறுபடியும் சரிக்கா என்றுதான் சொல்லியிருப்பேன்.
வேல்ராஜ்


முத்தையாபுரம்
29 மார்ச் 2025

என் கண்ணே வேல்ராஜ், நாங்கள் சுகம். மிக மிகச் சுகம்.

நீ வட்டம் போட்ட ரெசிஸ்டரையே போட்டேன். நேற்றுச் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கி ஃபேன் மெதுவாகச் சுற்றும்வரை காத்திருந்து சார்ஜரைப் போட்டோம். ஐந்து பேரும் மூச்சுவிடாமல் குனிந்து கேட்டோம். ஒரு சத்தம் இல்லை. முத்துமாரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் அழுகைதான்.

அண்ணாச்சி வந்து கிட்டக் காதை வைத்துப் பார்த்தார். "என்னளா, இன்னும் ஆன் பண்ணலையா?" என்றார். சார்ஜர் ஓடி அரை மணி நேரம் ஆகியிருந்தது! லைட்டைக் காட்டினேன். தொட்டுப் பார்த்தார், சூடு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேஜை பிழைத்தது தம்பி. ஐந்து வீட்டிலும் உன்னை வாழ்த்துகிறார்கள்.

உன்னிடம் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். கணக்கு யார் போட்டது என்று அண்ணாச்சி கேட்டார். சொன்னேன். காதையும் சொன்னேன். நீ அனுப்பிய கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு மூலையில் மூடிக் கிடந்த ஸ்கோப்பைக் காட்டினார். "கேக்கதுக்கு இங்கன அஞ்சு பேரு இருக்கீய. பாக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் வேண்டாமா? அந்தத் துணிய எடுத்துட்டு அவன வரச் சொல்லு."

துணியை எடுத்துத் துவைத்துப் போட்டுவிட்டேன்.
அக்கா செல்லக்கனி


ஷார்ஜா
17 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு, கண் சுகம், கை சுகம், கால் சுகம், வயிறு சுகம். காது அப்படியேதான் இருக்கிறது. இந்த வருஷப் பரிசோதனையில் கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையே தூக்கவில்லை. டாக்டர் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். சம்பளக் கணக்கை முடித்து நல்லபடியாக ஊருக்கு அனுப்புகிறார்கள். காதுக்கு மெஷின் வைத்தால் ஓரளவு கேட்கும் என்றும் எழுதியிருக்கிறார், அதை ஊரில் வந்து பார்த்துக்கொள்வோம்.

அண்ணாச்சிக்கு என் வணக்கத்தைச் சொல். ஸ்கோப்பைச் சன்னலுக்கு எதிரே வைக்க வேண்டாம், வெளிச்சத்தில் கோடு தெரியாது. நாலு பேனாவும் ஒரு குயர் தாளும் மேஜையில் இருக்கட்டும். நீங்கள் ஐந்து பேரும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும்.

மே பதினாலாம் தேதி தூத்துக்குடி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறேன். கூட்டத்துக்கு நடுவில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நிற்காதே அக்கா. பக்கத்தில் வந்து தோளைத் தொடு.

உன் தம்பி
வேல்ராஜ்